துக்ளக் காலி செய்த ஊரில் வீடு எடுத்தவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று மற்றவர்களுக்குப் புரியாது. வேலை மாற்றலாகித் தில்லிக்கு வந்திருக்கிறீர்கள். பேகம்பூரில் வீடு கிடைத்திருக்கிறது. வீட்டு ஓனர் தெருமுனையில் நிற்கும் இடிந்த சுவரைக் காட்டி, இது முகமது பின் துக்ளக் கட்டியது என்கிறார். தில்லியையே காலி செய்து ஜனங்களைத் தௌலதாபாத்துக்கு விரட்டியவர் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம், அப்படிப்பட்டவர் இங்கே எதற்குச் சுவர் கட்டினார், ஓனர் கதை விடுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓனர் கதை விடவில்லை, அல்லது முழுக்க விடவில்லை. நான் பக்கத்து மாளவியா நகரில் 11 வருடம் குடியிருந்தவன். நீங்கள் வீடு எடுத்திருப்பது அந்த சுல்தானின் தலைநகரத்துக்கு நட்டநடுவில். அரண்மனை உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அந்தச் சுவரை எப்படிப் பார்த்து முடிவு செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் ஊர்க் கதை.

1325-இல் முகமது பட்டத்துக்கு வந்தபோது தில்லி என்பது ஒரே ஊராக இல்லை. குதுப் மினாரைச் சுற்றிப் பழைய தில்லி. அதற்கு வடகிழக்கே சிரி, அது அலாவுதீன் கில்ஜி கட்டிய கோட்டை. 1303-இல் மங்கோலியர்கள் வந்து தில்லியை முற்றுகையிட்டபோது அலாவுதீன் அந்த இடத்தில்தான் பாளையம் இறங்கித் தாக்குப்பிடித்தார், அந்த அனுபவத்தில் எழுந்தது அந்தக் கோட்டை. கிழக்கே தள்ளி, முகமதுவின் அப்பா கியாசுதீன் கட்டிய துக்ளகாபாத். பழைய தில்லிக்கும் சிரிக்கும் நடுவில் வேலியில்லாத வயல் மாதிரி ஜனங்கள் பரவிக் கிடந்தார்கள், மங்கோலியர் வந்தால் முதலில் அடி வாங்குவது அவர்கள்தான். மகன் என்ன செய்தார் என்றால் இரண்டு கோட்டைகளையும் சுவர்களால் இணைத்து, நடுவில் இருந்த ஜனத்தை உள்ளே வைத்துப் பூட்டினார். அந்த உள்பகுதிக்கு ஜஹான்பனா என்று பெயர் வைத்தார், உலகத்தின் புகலிடம் என்று அர்த்தம். துக்ளகாபாத்தையும் சேர்த்து வளைக்கத்தான் ஆசை, செலவு தாங்காமல் பாதியில் விட்டுவிட்டார் என்று இபின் பதூதா எழுதுகிறார். மொராக்கோவிலிருந்து வந்து இந்த சுல்தானிடம் காஜி (நீதிபதி) வேலை பார்த்த அந்த ஊர்சுற்றியை இனி அடிக்கடி கூப்பிடப்போகிறேன்.

ஆக பேகம்பூர், காலு சராய், மாளவியா நகர், கிட்கி, சிராக் தில்லி எல்லாமே அந்த மதிலுக்குள் இருந்த இடங்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். ராஜா வைத்த பெயர் இன்று ஒரு காட்டுப் பூங்காவின் போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டோக்காரரிடம் ஜஹான்பனா போகணும் என்றால் அந்தப் பூங்காவில் இறக்கிவிடுவார். வாயில் புழங்குகிற பெயர்களோ ஒரு பேகம், ஒரு ஜன்னல் (கிட்கி என்றால் அதுதான்), ஒரு ராணியின் குளம் (ஹௌஸ் ராணி), ஒரு சாமியாரின் விளக்கு. சுல்தான் பெயரில் தெரு வேண்டுமென்றால் பல கிலோமீட்டர் வடக்கே, வெள்ளைக்காரர்கள் கட்டிய புது தில்லிக்குப் போக வேண்டும். அங்கே துக்ளக் ரோடு இருக்கிறது, வேப்பமரமும் பெரிய பங்களாவுமாக. 1948-இல் காந்தி கொலை வழக்கின் முதல் தகவல் அறிக்கை பதிவானது அந்த ரோட்டின் போலீஸ் ஸ்டேஷனில்தான். நம் ஊரிலோ அவர் தெருவாக இல்லாமல் வசவாகத் தங்கிவிட்டார். மேனேஜர் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று பேசினால் துக்ளக் தர்பார் என்கிறோம்.

சரி, அரண்மனைக்கு வருவோம். காலு சராய்க்கும் சர்வப்ரிய விஹாருக்கும் நடுவில், வீடுகளுக்குப் பின்னால் ஒரு மேடு தெரியும். விஜய் மண்டல் என்று கூகுள் மேப்பில் போட்டால் காட்டும், ஊர்க்காரர்கள் வாயில் அது பிஜய் மண்டல். கரடுமுரடான கல்லில் எண்கோணக் கோபுரம், அடி அகலமாக இருந்து மேலே போகப்போக உள்ளே சாய்ந்திருக்கும். ஏறி நின்றால் தென்மேற்கே குதுப் மினார் தெரியும், காற்று சுத்தமாக இருக்கிற நாளில் மட்டும். ஹஸார் சுதூன், அதாவது ஆயிரங்கால் மண்டபம், இந்த இடத்தில்தான் இருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நம் ஆயிரங்கால் மண்டபம் மாதிரி கல்லைக் கற்பனை செய்யாதீர்கள், இது வண்ணம் பூசிய மரத்தூண்கள், மேலே மரக்கூரை. அதனால்தான் இன்று ஒரு தூண்கூட இல்லை, 1930-களில் தோண்டியபோது தூண் நின்ற பீடங்கள்தான் கிடைத்தன. தரையில் ஆழமான குழிகளும் உண்டு, கஜானா வைத்த இடம் என்கிறார்கள்.

இந்த அரண்மனை வாசலைப் பற்றி இபின் பதூதா சொல்வதைப் படித்தபிறகு அந்தப் பக்கம் சாயங்காலம் வாக்கிங் போவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. தண்டனை நிறைவேற்றுவது முதல் வாசலுக்கு வெளியேதான், உடலை மூன்று நாள் அங்கேயே போட்டுவைப்பது வழக்கம். ஒருநாள் இவர் குதிரையில் வந்தபோது குதிரை மிரண்டிருக்கிறது. தரையில் வெள்ளையாக ஏதோ கிடக்கிறதே என்ன என்று கேட்டால், கூட வந்தவர் சாதாரணமாகச் சொல்கிறார், மூன்றாக வெட்டிய ஒரு ஆளின் நடுப்பாகம் அது என்று.

அதே மனிதர் அதே சுல்தானைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறார். பெரிய வீட்டுப் பையன் ஒருவன், சுல்தான் காரணமில்லாமல் என்னை அடித்தார் என்று காஜியிடம் புகார் கொடுக்கிறான். பணம் கொடுத்துச் சமாதானம் செய்யலாம், இல்லையென்றால் பதிலுக்கு அடி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு. சுல்தான் பையனை அழைத்து, கையில் கம்பைக் கொடுத்து, நான் உன்னை அடித்த மாதிரியே என்னை அடி என்கிறார். பையன் 21 அடி அடித்தானாம், தொப்பி ஒருமுறை பறந்து விழுந்ததாம், இதை நேரில் பார்த்தேன் என்கிறார் பதூதா. இந்த அரசரின் வாசலில் ஒரு ஏழை பணக்காரனாகாத நாளும் இல்லை, ஒருவன் தலை போகாத நாளும் இல்லை என்பதுதான் அவர் கொடுத்த சர்டிபிகேட்டின் சாரம். பைத்தியக்கார ராஜா என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அதைவிட இது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் மையம், ஊரைக் காலி செய்த கதை. 1327 வாக்கில் தேவகிரியை, இன்றைய மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) பக்கம், தௌலதாபாத் என்று பெயர் மாற்றி இரண்டாவது தலைநகரமாக்கினார். காரணம் ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. இளவரசராக ஜுனா கான் என்ற பெயரில் வாரங்கல்லைப் பிடித்தவரே இவர்தான், 1323-இல். அதை ஒட்டி மதுரை வரை தில்லியின் ஆட்சி போய்விட்டது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தில்லியிலிருந்து மதுரையை ஆள்வது எப்படி முடியும், ஒரு கடிதம் போய் பதில் வருவதற்குள் அங்கே வேறு ராஜா வந்துவிடுவான். நடுவில் ஒரு ஊர் வேண்டும் என்று நினைத்தது சரியான கணக்கு. அதை நிறைவேற்றிய விதம்தான் கொடுமை.

பூனை நாய்கூட மிஞ்சாமல் தில்லி காலியானது என்று எழுதியவர் ஜியாவுதீன் பரனி. 17 வருடம் இந்த சுல்தானின் கூடவே இருந்து, அவர் செத்தபிறகு பதவி பறிபோய் வறுமையில், வயதான காலத்தில் உட்கார்ந்து எழுதியவர். அவருக்குத் தில்லி என்றால் மேல்தட்டு ஆட்கள்தான், அமீர்கள், ஷேக்குகள், அதிகாரிகள், தன்னைப் போன்றவர்கள். அவர்கள் போனால் ஊரே போன மாதிரிதான் அவருக்கு. பார்வையற்ற ஒருவரை இழுத்துக்கொண்டே போய் கால் மட்டும் தௌலதாபாத் சேர்ந்தது என்ற கதை பதூதாவுடையது. ஆனால் அவர் தில்லிக்கு வந்தது 1334-இல், சம்பவம் நடந்து ஏழு வருடம் கழித்து. கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார்.

கல்லில் என்ன இருக்கிறது என்று பார்ப்போமா? நராயணா தெரியுமா, இன்று பட்டறையும் குடோனுமாக இருக்கும் மேற்கு தில்லிப் பகுதி. அங்கே கிடைத்த ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு 1327-ஐச் சேர்ந்தது. சர்பன் என்ற இன்னொரு ஊரின் கல்வெட்டு 1328. இரண்டும் வணிகக் குடும்பத்தார் கிணறு வெட்டி வைத்ததைச் சொல்கிற கல்வெட்டுகள். இரண்டிலும் ஆளும் அரசராக இந்த முகமதுவின் பெயர் வருகிறது. சர்பன் கல்வெட்டு, ஹரியானா என்ற நாடு பூமியில் சொர்க்கம் போல இருக்கிறது, அங்கே தோமரர்கள் கட்டிய தில்லிகா என்ற நகரம் இருக்கிறது என்று ஆரம்பிக்கிறது. ஊரைக் காலி செய்ததாகச் சொல்லும் அதே வருடங்களில், சுற்றுவட்டார வியாபாரி ஒருவர் உட்கார்ந்து கிணறு தோண்டி, புரோகிதரை வைத்துக் கவிதை எழுதிக் கல்லில் வெட்டுகிறார் என்றால், பூனை நாய் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஆண்டுகளில் தில்லியில் அச்சான நாணயங்களும் கிடைத்திருக்கின்றன.

அதற்காக யாரும் கஷ்டப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடை, மாட்டு வண்டி, வெயில். வழியில் செத்தவர்கள் ஏராளம். போனவர்கள் நிம்மதியாகவும் இல்லை, சில வருடங்களில் திரும்பிப் போகலாம் என்று சுல்தானே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் எல்லோரும் திரும்பவில்லை, அங்கேயே தங்கியவர்களின் தில்லிப் பேச்சு தக்காணத்தில் கலந்து தக்னியாக வளர்ந்தது. ஹைதராபாத் நண்பர் யாராவது 'நக்கோ' (வேண்டாம்) என்று சொன்னால் அந்த உர்தூவின் பூர்வீகத்தில் இந்த இடமாற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு, 'நக்கோ' மட்டும் மராத்தியிடம் வாங்கியது.

காலியான ஊர் இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஹௌஸ் காஸ். அலாவுதீன் வெட்டிய பெரிய ஏரி அது. பதூதா அதைப் பார்த்தபோது கரையைச் சுற்றி மண்டபங்கள், அதைச் சுற்றிப் பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் குடியிருந்த ஒரு பேட்டை, பெயர் தரபாபாத், சந்தோஷபுரம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய கடைத்தெரு, மசூதி எல்லாம் உண்டு. ரம்ஜான் மாதத்தில் அங்கிருந்த பாட்டுக்காரப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து இரவுத் தொழுகை நடத்தியதை ஆச்சரியத்தோடு குறித்துவைத்திருக்கிறார். இப்போது சனிக்கிழமை ராத்திரி ஹௌஸ் காஸ் வில்லேஜுக்குப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு மாடியிலும் ஒரு பாட்டு, கீழே பார்க்கிங்குக்குச் சண்டை. 700 வருடம் கழித்தும் அந்தக் கரைக்குப் பாட்டு எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் பல நூறு வருடம் அங்கே வெறும் விவசாயக் கிராமம்தான் இருந்தது, தொடர்ச்சி என்று யாராவது உருகி எழுதினால் நம்பாதீர்கள்.

செப்புக்காசு விஷயத்தையும் தொட்டுவிடலாம், சொல்லாவிட்டால் கேட்பீர்கள். 1329 வாக்கில் தங்கா என்ற வெள்ளி நாணயத்தின் மதிப்புக்குப் பித்தளை, செப்பு நாணயம் வெளியிட்டார். சுல்தானுக்குக் கீழ்ப்படிந்தவர் இறைவனுக்குக் கீழ்ப்படிந்தவர் என்று அதில் எழுதியும் வைத்தார், மதிப்பு உலோகத்தில் இல்லை, என் வார்த்தையில் இருக்கிறது என்று அர்த்தம். இன்று உங்கள் பர்ஸில் இருக்கிற நோட்டும் அதே தத்துவம்தான். சீனாவில் காகிதப் பணம் ஓடிக்கொண்டிருந்தது, ஈரானில் 1294-இல் முயற்சி செய்து தோற்றிருந்தார்கள். இவர் கோட்டைவிட்டது ஒரே இடத்தில்: யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய நாணயம். வீட்டுக்கு வீடு அக்கசாலை ஆனது என்கிறார் பரனி. மூன்று வருடம் போல ஓடியபின் வாபஸ், செப்பைக் கொண்டுவந்தவர்களுக்குக் கஜானாவிலிருந்து வெள்ளி. கள்ளக்காசையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்க வேண்டும். திரும்பி வந்த காசுகள் துக்ளகாபாத்தில் மலைபோலக் குவிந்து கிடந்தனவாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது பஞ்சம். கங்கை யமுனைக்கு நடுவில் வரியை ஏற்றினார், அதே நேரத்தில் மழை பொய்த்தது, ஜனங்கள் வயலை விட்டு ஓடினார்கள், 1335-ஐ ஒட்டித் தில்லியில் தானியம் கிடைக்கவில்லை. அப்போது செய்த ஒரு வேலை, ஊர் காலியாகிவிட்டதா என்ற கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். தில்லியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும், பெரியவர் சிறியவர், அடிமை, சுதந்திரமானவர் என்று பார்க்காமல், தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் வீதம் ஆறு மாதத்துக்குத் தானியம் கொடுக்க உத்தரவு போட்டார். (நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் சொன்ன ராத்தல் இதே அரபுச் சொல்தான்.) காஜிகளும் எழுத்தர்களும் பேட்டை பேட்டையாகப் போய் ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, ஆட்களை வரவழைத்துக் கொடுத்தார்கள் என்று பதூதா சொல்கிறார். ரேஷன் கார்டு கணக்கெடுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேடு மட்டும் கிடைத்திருந்தால் உங்கள் பேகம்பூரில் 1335-இல் யார் யார் இருந்தார்கள் என்று இன்று சொல்லிவிடலாம். நினைக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கிணறு வெட்டவும் விதை வாங்கவும் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார், பயிர்த்தொழிலுக்கென்று தனி இலாகாவே வைத்தார். பணம் வழியிலேயே கரைந்தது. பிறகு கன்னௌஜ் பக்கம் கங்கைக் கரையில் பாளையம் போட்டு, அதற்கு ஸ்வர்க்கத்வாரி என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டரை வருடம் போல அங்கேயே இருந்தார், அயோத்திப் பக்கத்துத் தானியம் அங்கே வந்து சேரும் என்பதால். பாருங்கள், உண்மையிலேயே தில்லியை விட்டு ஜனங்களைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தது பசியினால்.

இந்தக் காலத்தில்தான் தெற்கு கைவிட்டுப் போனது. 1335-இல் மதுரையில் இவருடைய ஆளுநர் ஜலாலுதீன் அஹ்ஸன் நானே சுல்தான் என்று அறிவித்தார். அடக்கக் கிளம்பிய படை தெலுங்கு தேசம் வரைக்கும்தான் வந்தது, கொள்ளைநோய் வந்து பாதிப் படை போய், சுல்தானே நோயில் விழுந்து திரும்பிவிட்டார். திரும்பும் வழியில், மகாராஷ்டிரத்தின் பீட் அருகே ஒரு பல் விழுந்ததாகவும், அதை அங்கேயே புதைத்து மேலே ஒரு சமாதி கட்டியதாகவும் சொல்வார்கள். பல்லுக்குச் சமாதி கட்டிய ராஜா வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

மதுரைக்காரர்களுக்கு ஒரு துணுக்கு. ஜலாலுதீனின் மகளைத் தில்லியில் கல்யாணம் செய்துகொண்டவர் நம் பதூதா. பிற்பாடு அவர் சுற்றிச் சுற்றி மதுரைக்கு வந்தபோது அங்கே ஆண்டுகொண்டிருந்த கியாசுதீன் தம்கானி அவருக்குச் சகலை. மதுரையை அகலமான தெருக்கள் கொண்ட பெரிய ஊர் என்று சொல்லிவிட்டு, அதைத் தலைநகரமாக்கிய என் மாமனார் தில்லியைப் போலவே அமைத்தார் என்கிறார் பதூதா. மாமனார் பெருமை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மாசி வீதி, ஆவணி மூல வீதி எல்லாம் கோயிலைச் சுற்றி வருகிற மதுரை, ஒரு சில வருடத்துக்காவது ஒருவர் கண்ணுக்கு இந்த பேகம்பூர் மாதிரி தெரிந்திருக்கிறது என்பதே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

பேகம்பூர் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மசூதிக்கு இன்னும் போகவில்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்விடுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஸ்கூட்டர், மாவு மில், தொங்குகிற கேபிள். கிழக்கு வாசல் படி ஏறி உள்ளே காலை வைத்தால் திடீரென்று வானம் திறக்கும். மொத்தம் பக்கத்துக்கு 90 மீட்டர் அளவு, நடுவில் பெரிய முற்றம். மேற்கே நடுவில் உயரமான வளைவு. அலங்காரம் கிடையாது, சாயமும் சலவைக்கல்லும் கிடையாது, பூச்சு உதிர்ந்த கரடுமுரடான கல் மட்டும். இதை முகமது கட்டினாரா, அடுத்து வந்த பிரோஸ் ஷாவின் வஜீர் (மந்திரி) கட்டினாரா என்று இரண்டு கட்சி உண்டு. அரண்மனைக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பெரிதாக இருப்பதால் இதுதான் ஜஹான்பனாவின் ஜாமி மசூதி, அதாவது ஊரே கூடித் தொழும் பெரிய மசூதி, முகமதுவே கட்டினார் என்ற கட்சி நான். ஊரின் மதில் பலவீனமானபிறகு பக்கத்து ஜனம் பாதுகாப்புக்காக இந்த முற்றத்துக்குள்ளேயே குடியேறி, ஒரு கிராமமே இதற்குள் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் தொல்லியல் துறை அவர்களை வெளியே அனுப்பியது. வெளியே போனவர்கள் எங்கே போவார்கள், சுவரை ஒட்டித்தான். உங்கள் ஓனரின் பாட்டனாரே உள்ளே பிறந்தவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அந்த வஜீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஜுனான் ஷா. அவருடைய அப்பா வாரங்கல்லில் காகதிய அரசரிடம் வேலை பார்த்த தெலுங்கர், பிடிபட்டு மதம் மாறி மக்பூல் ஆனவர், பிரோஸ் ஷா காலத்தில் ராஜ்யத்தின் முதல் மந்திரி. பேரோடு தெலங்கானி என்று ஒட்டிக்கொண்டே இருந்தது. சாகேத் மால்களுக்கு எதிரே இருக்கும் கிட்கி கிராமத்தின் மசூதி மகன் கட்டியதாகச் சொல்லப்படுவது, மாடியில் வரிசையாகக் கல்சல்லடை ஜன்னல்கள், ஊருக்கே பெயர் அதனால்தான்.

கிட்கியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சத்புலா, சுல்தான் கட்டியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏழு வளைவு என்று பெயரே சொல்கிறது. ஜஹான்பனாவின் தென்மதில் ஓடையைக் கடக்கிற இடத்தில் மதிலையே மதகாக்கிவிட்டார். ஓடை நீர் தேங்கி வயலுக்குப் போகும், எதிரி வந்தால் நீரே அகழியாக நிற்கும். வளைவுகளின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், பலகை இறக்கி ஏற்றிய பள்ளங்கள் கல்லில் இன்னும் இருக்கின்றன. ஏரிப் பாசனம் தெரிந்த ஊரிலிருந்து வந்த ஆளுக்கு இதைப் பார்த்ததும் ஒரு சொந்தம் வந்துவிடும். இப்போது தண்ணீர் இல்லை, முன்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

சிராக் தில்லி, அந்த விளக்குச் சாமியாரின் ஊர். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் சீடர் நசீருதீன், 1356-இல் காலமானார், முகமதுவோடு ஒத்துப்போகாதவர். குரு குளம் வெட்டும்போது சுல்தானின் அப்பா கூலியாட்களை எல்லாம் துக்ளகாபாத் வேலைக்கு இழுத்துவிட, ஆட்கள் ராத்திரியில் வந்து குளம் வெட்டினார்களாம், எண்ணெய் கொடுக்கக் கூடாது என்று தடை போட, நசீருதீன் தண்ணீரை ஊற்றி விளக்கேற்றினாராம். கதைதான். ஆனால் 700 வருடம் கழித்து ஃபிளைஓவருக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்கும் பெயராக நிற்பது சுல்தானை மீறிய அந்த விளக்கு. அரசருக்கு எதிராகப் பேசிய இன்னொரு ஷேக், ஷிஹாபுதீன், தில்லிக்கு வெளியே தரைக்குக் கீழே அறைகள், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து வீடு தோண்டிக் குடியிருந்தார். கொடுங்கோலன் என்று சொன்னதைத் திரும்பப் பெறமாட்டேன் என்றதற்காகத் தலை போனது. அவரைப் பார்க்கப் போன குற்றத்துக்கு பதூதாவைக் காவலில் வைத்து, அவர் ஐந்து நாள் பட்டினி கிடந்து ஜெபித்துத் தப்பினார்.

1351-இல் சிந்து நதிக்கரையில், தட்டா பக்கம், சுல்தான் முகமது ஒரு கலகக்காரனைத் துரத்திப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்தார். ஜனங்களிடமிருந்து அரசரும் அரசரிடமிருந்து ஜனங்களும் விடுபட்டார்கள் என்று பிற்காலத்தில், அக்பர் காலத்து வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதிய வரி எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும். அதைவிட அடுத்து வந்த பிரோஸ் ஷா செய்ததைப் பாருங்கள். முகமது கொன்றவர்களின் வாரிசுகளையும், அவர் கையையும் காலையும் கண்ணையும் எடுத்து உயிரோடு விட்டவர்களையும் தேடி, ஆளுக்குத் தக்கபடி கொடுத்து, மன்னித்துவிட்டோம் என்று சாட்சிக் கையெழுத்தோடு கடிதம் வாங்கி, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு முகமதுவின் சமாதித் தலைமாட்டில் வைத்தார். துக்ளகாபாத்துக்கு எதிரே சிவப்புக் கல்லும் வெள்ளைக் கும்மட்டமுமாக கியாசுதீனின் சமாதி இருக்கிறது, பழைய ஏரிக்கு நடுவே கோட்டையிலிருந்து பாலம் போட்டு இணைத்தது. இன்று மெஹ்ரோலி–பதர்பூர் ரோடு அந்தப் பாலத்தை வெட்டிக்கொண்டு போகிறது, லாரி சத்தம் உள்ளேயே கேட்கும். உள்ளே மூன்று சமாதிகள், ஒன்று முகமதுவுடையது என்று நம்பிக்கை. நான் போன அன்றைக்குத் தலைமாட்டில் ஒரு பூனை படுத்திருந்தது.

அப்புறம் உங்கள் தெருமுனைச் சுவர். மூன்று விஷயம் பாருங்கள். கல் செதுக்காத தில்லிப் பாறைத் துண்டாக இருக்க வேண்டும், செங்கல்லாக இருந்தால் அப்போதே விட்டுவிடுங்கள். இடையில் சுண்ணாம்புக் காரை இருக்க வேண்டும், நகத்தால் கீறினால் வெள்ளையாக உதிரும். சிமென்ட் என்றால் சாம்பல் நிறம், உதிராது. முக்கியமாக, கொஞ்சம் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள்: அடி தடித்து, மேலே போகப்போக உள்ளே சாய்ந்திருந்தால் ஓனர் சொன்னது சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, வெளிப்பக்கம் தெருவைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் அது சுல்தானுடையது இல்லை, பைக்கை அதற்கடியில் நிறுத்தாதீர்கள்.